இரண்டு வகைக் கட்சிக்காரர்களுக்கு நடுவே

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் குற்றவியல் வழக்குகள் நடத்திவரும் வழக்கறிஞர் ஒருவர், சட்டமன்ற உறுப்பினர் ஆக விரும்புகிறார். ஒரு கட்சியின் வழக்கறிஞர் அணியில் இருக்கிறார். அதற்கு வழி என்ன, கோர்ட்டில் கற்றது அங்கே உதவுமா, தொழிலை விட வேண்டியிருக்குமா என்று கேட்கிறார்.

நான் தேர்தலில் நின்றவன் இல்லை. வேட்பாளர்களுக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன், பரிசீலனை மேசையில் உட்கார்ந்திருக்கிறேன், எண்ணிக்கை மையத்தில் விடியவிடிய நின்றிருக்கிறேன். கூடவே தொழில் செய்த நண்பர்களில் சிலர் எம்.எல்.ஏ. ஆனதையும், பலர் ஆகாமல் போனதையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன். அந்த அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்.

நம் தொழிலில் 'கட்சிக்காரர்' என்றால் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டவர். கோர்ட் வாசலைத் தாண்டினால் அதே சொல்லுக்குக் கொடி கட்டுபவர் என்று பொருள். உங்கள் பிரச்சினை முழுவதும் இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. இப்போது கட்சி உங்களுக்குக் கட்சிக்காரர். நீங்கள் கட்சிக்கு வக்கீல். நீங்கள் கட்சிக்காரர் ஆகாதவரை சீட்டு வராது. வழக்கறிஞர் அணியில் பதவி இருந்தால் கட்சிக்காரர் ஆகிவிட்டோம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை.

வக்கீல் கட்சிக்குள் வருவதற்கான வாசல் எது என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் மேடைப் பேச்சு என்பார்கள். நான் பார்த்தவரை அது ரிமாண்டுதான். மறியல் செய்தவர்களை மாலையில் மண்டபத்தில் வைத்து இரவு விட்டுவிட்டால் பிரச்சினை இல்லை. விடாமல் வழக்குப் போட்டு, இரவு பதினொரு மணிக்கு மாஜிஸ்திரேட் வீட்டுக்கு அழைத்துப்போகும்போது, அந்த வீட்டு வாசலில் யார் நிற்கிறார் என்பதுதான் கணக்கு. கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 22-வது பிரிவு. அந்த 24 மணி நேரத்துக்குள் ஒரு கிளைச் செயலாளரின் மனைவி யாருக்குப் போன் செய்கிறாரோ, அவருக்கு அந்தக் கிளையில் பத்து வருடத்துக்குப் பெயர் இருக்கும். ஜாமீன் மனு, ஜாமீன்தாரர் சரிபார்ப்பு, வாரம் ஒருமுறை ஸ்டேஷனில் கையெழுத்து என்று ஆறு மாதம் கூடவே போனால், நீங்கள் அந்த வீட்டு மனிதர். சிவில் வக்கீல்களைவிடக் குற்றவியல் வக்கீல்கள் அரசியலில் அதிகம் தெரிவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பாகப்பிரிவினை வழக்கில் நடு இரவில் யாரும் கூப்பிடுவதில்லை.

ஆனால் இதே வாசல்தான் பொறியும். நன்றாக வழக்கு நடத்துபவரைக் கட்சி வழக்கு நடத்தவே வைத்துக்கொள்ளும். மாவட்டச் செயலாளருக்கு நீங்கள் கோர்ட்டில் தேவை. பேரவைக்கு அனுப்பிவிட்டால் அவருடைய வழக்குகளை யார் பார்ப்பது? ஆட்சி வந்ததும் அரசு வழக்கறிஞர் பதவி, அதாவது ஜி.பி. (சிவில் வழக்குகளுக்கான அரசு வக்கீல்), பி.பி. (குற்றவியல் வழக்குகளுக்கானவர்), கூடுதல் பி.பி. என்று ஏதாவது ஒன்றைக் கொடுப்பார்கள். வழக்கறிஞர் அணியின் உழைப்புக்குக் கிடைக்கும் வழக்கமான கூலி அது. கௌரவமான பதவி, தவறே இல்லை. ஆனால் அதை வாங்கிக்கொண்டவரைப் பற்றி, 'அவருக்குத்தான் செய்தாச்சே' என்ற பேச்சு அடுத்த நாளே தொடங்கிவிடும். அடுத்த தேர்தலில் உங்கள் பெயர் பட்டியலில் ஏறாமல் இருக்க அந்த ஒரு வரி போதும். எம்.எல்.ஏ. ஆவதுதான் குறி என்றால் அந்தப் பதவியை ஏற்கும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

அதில் சட்டச் சிக்கலும் உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 191-வது பிரிவு, அரசின் கீழ் ஆதாயம் தரும் பதவி வகிப்பவர் சட்டமன்ற உறுப்பினர் ஆகத் தகுதியற்றவர் என்கிறது. இந்த ஆதாயப் பதவி விவகாரத்தில் நம் தொழில்காரர் ஒருவரே சிக்கியிருக்கிறார். ராஜஸ்தானில் காந்தா கதூரியா என்ற பெண் வழக்கறிஞர், ஒரு மத்தியஸ்த வழக்கில் அரசுக்காகச் சிறப்பு அரசு வழக்கறிஞராக நியமிக்கப்பட்டிருந்தார். 1967 தேர்தலில் ஜெயித்தார். அது ஆதாயப் பதவி என்று சொல்லி உயர் நீதிமன்றம் தேர்தலையே ரத்து செய்தது. மேல்முறையீடு நடந்துகொண்டிருக்கும்போதே, அந்தப் பதவி தகுதியிழப்பு ஆகாது என்று மாநில சட்டமன்றம் முன்தேதியிட்டு ஒரு சட்டம் போட்டது. 1969-இல் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒரே ஒரு வழக்குக்காக நியமிக்கப்பட்டது 'பதவி' ஆகாது என்றார்கள் மூன்று நீதிபதிகள். பதவிதான், ஆனால் புதுச் சட்டம் காப்பாற்றிவிட்டது என்றார்கள் மற்ற இருவர். உங்களுக்காக எந்தச் சட்டமன்றமும் முன்தேதியிட்டுச் சட்டம் போடாது. அரசு வழக்கறிஞராக இருந்தால், மனுத் தாக்கலுக்கு முன்பே ராஜினாமா செய்து, அது ஏற்கப்பட்ட கடிதத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கட்சிக்காரர் ஆவது எப்படி? வழக்கறிஞர் அணியை விட்டுக் கொஞ்சம் வெளியே வாருங்கள். ஏதாவது ஒரு ஒன்றியத்திலோ வட்டத்திலோ சாதாரணப் பொறுப்பு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பூத் கமிட்டி வேலை செய்யுங்கள். வாக்காளர் பட்டியல் திருத்த முகாமில் உட்கார்ந்து படிவம் நிரப்புவதை யாரும் விரும்பிச் செய்வதில்லை. அங்கே ஒரு வக்கீல் உட்கார்ந்தால் பகுதி முழுக்கத் தெரியும். இரண்டு பட்டியல் திருத்தத்துக்கு உட்கார்ந்தால் உங்கள் தொகுதியில் எந்தத் தெருவில் யார் இருக்கிறார், யார் போய்விட்டார், எந்தக் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது என்பதெல்லாம் கைவிரலில் இருக்கும். வழக்குக் கட்டைப் படிப்பதுபோலத்தான் இதுவும்.

உள்ளாட்சித் தேர்தலைக் கீழாக நினைக்க வேண்டாம். சட்டமன்றத்துக்கு 25 வயது வேண்டும், உள்ளாட்சிக்கு 21 போதும். ராஜாஜி சேலத்தில் வக்கீலாகத்தான் பெயர் வாங்கினார். வரதராஜுலு நாயுடு மீதான ராஜதுரோக வழக்கில் வாதாடியவர் அவர். 1917-இல் சேலம் நகராட்சித் தலைவர் ஆனார். சென்னை மாகாணப் பிரதமர் ஆனது அதற்கு இருபது ஆண்டுகள் கழித்து, 1937-இல். (அப்போதும் அவர் நின்றது பல்கலைக்கழகத் தொகுதியில். தெருத்தெருவாக ஓட்டுக் கேட்கும் வேலை அதில் இல்லை. நமக்கு அந்த வசதி கிடையாது.) நீதிக்கட்சியின் ஏ.டி. பன்னீர்செல்வம் பாரிஸ்டர். தஞ்சாவூர் நகராட்சி, மாவட்டக் கழகம் (அந்தக் கால ஜில்லா போர்டு) என்று ஏறித்தான் மாகாண அமைச்சர் ஆனார். குடிநீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் பதில் சொல்லிப் பழகிய வக்கீல், பழகாத வக்கீல் இருவருக்கும் உள்ள வித்தியாசம் பிரச்சாரத்தின் முதல் நாளே தெரிந்துவிடும்.

கட்சியிடம் சீட்டுக் கேட்கும் விருப்ப மனு, கட்டணம், நேர்காணல் இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நேர்காணலில் கேட்கும் முதல் கேள்வி எவ்வளவு செலவு செய்ய முடியும் என்பதாக இருக்கும்; இரண்டாவது, தொகுதியில் உங்கள் சமூகத்துக்கு எத்தனை ஓட்டு. இரண்டுக்கும் உங்களிடம் நல்ல பதில் இல்லையென்றால் மூன்றாவது ஒன்று பலமாக இருக்க வேண்டும்: தொகுதியில் எத்தனை ஒன்றியச் செயலாளர்கள் உங்கள் பெயரைச் சொல்கிறார்கள் என்பது. கூட்டணிக்குத் தொகுதி போய்விட்டால் எல்லாம் வீண்; அதற்கு யாரும் எதுவும் செய்ய முடியாது. கோபித்துக்கொண்டு சுயேச்சையாக நிற்க வேண்டாம் என்பது என் கருத்து. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கு வாங்காவிட்டால் டெபாசிட் போகும். அது 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000. போவது அந்தப் பணம் மட்டும் இல்லை, அதுவரை வாங்கிய பெயரும்தான்.

சீட்டு கிடைத்த நாளில் இருந்து மனு ஏற்கப்படும் நாள்வரை உள்ள காலம்தான் உங்கள் பன்னிரண்டு வருடப் பயிற்சி நேரடியாகப் பயன்படும் இடம். அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒரு முன்மொழிபவர் போதும். மற்றவர்களுக்குப் பத்துப் பேர். இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி அறிவிக்கும் 'ஏ', 'பி' படிவங்கள் மனுத் தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் மூன்று மணிக்குள் தேர்தல் அதிகாரியிடம் போய்ச் சேர வேண்டும். சொத்து, கடன், வழக்கு விவரங்களைச் சொல்லும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டத்தையும் வெற்றாக விடக் கூடாது. 2013-இல் 'ரிசர்ஜன்ஸ் இந்தியா' வழக்கில், நினைவூட்டிய பிறகும் வெற்றிடம் இருந்தால் மனுவை நிராகரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இல்லையென்றால் 'இல்லை' என்று எழுதுங்கள். கோடு போடாதீர்கள்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். ஊரார் வழக்கை எல்லாம் தேதியோடு மனப்பாடம் வைத்திருக்கும் வக்கீல், தன் மேல் உள்ள வழக்கை மறந்துவிடுவார். வக்கீல்கள் போராட்டத்தில் எப்போதோ போட்ட முதல் தகவல் அறிக்கை ஒன்று எங்கோ உயிரோடு இருக்கும். நண்பர் ஒருவருக்கு மனு எழுதும்போது, தாக்கலுக்கு முதல் நாள் இரவுதான் அப்படி ஒன்று இருப்பது தெரிந்தது. விடிவதற்குள் நகல் வாங்கி, பத்திரத்தைத் திரும்ப எழுதி, திரும்பக் கையெழுத்து வாங்கினோம். நிலுவையில் உள்ள குற்ற வழக்குகளைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்புக்குப் பிறகு நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை விளம்பரமும் செய்ய வேண்டும். மறைத்தால் பிறகு தேர்தல் வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் உங்களைக் கூண்டில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்வார். அந்த இடம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

செலவுக் கணக்கும் அப்படித்தான். தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளருக்கு உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய், 2022 முதல். தனி வங்கிக் கணக்கு தொடங்கி, மனுத் தாக்கல் நாளில் இருந்து முடிவு அறிவிக்கும் நாள்வரை எழுதி, முடிவு வந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்கத் தவறினால் மூன்று ஆண்டு தகுதியிழப்பு வரலாம். நிஜச் செலவுக்கும் கணக்குக்கும் உள்ள தூரம் ஊருக்கே தெரிந்த விஷயம். அதைப் பற்றி நான் உபதேசம் செய்யப் போவதில்லை. வக்கீலாக ஒன்று மட்டும் சொல்கிறேன்: பொய்க் கணக்கில் நீங்களே கையெழுத்துப் போடுகிறீர்கள், குமாஸ்தா இல்லை.

ராதாபுரம் தொகுதித் தேர்தல் வழக்கை நீங்கள் முழுதாகப் படிக்க வேண்டும். 2016-இல் அங்கே ஜெயித்தவர் வழக்கறிஞரான இன்பதுரை. தோற்றவர் அப்பாவு. வித்தியாசம் 49 வாக்குகள். 203 அஞ்சல் வாக்குகள் தள்ளப்பட்டதுதான் சண்டையின் மையம்: நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர் அந்த வாக்குகளுக்குச் சான்றொப்பம் இடலாமா, கூடாதா? 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அஞ்சல் வாக்குகளையும் 19, 20, 21-ஆம் சுற்று வாக்குகளையும் மறுபடி எண்ணச் சொன்னது. எண்ணியும் முடித்தார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அப்படியே 2021 தேர்தல் வந்துவிட்டது. அப்பாவு ஜெயித்துப் பேரவைத் தலைவரும் ஆனார். தேர்தல் வழக்கை 45 நாளுக்குள் போட வேண்டும், ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். ஐந்து வருடம் அதற்குப் போதவில்லை. இதில் வேட்பாளராகப் போகும் வக்கீல் எடுத்துக்கொள்ள வேண்டியது: எண்ணும் மேசையில் உங்கள் ஏஜென்ட் அந்த நிமிடத்தில் எழுத்துப்பூர்வமாக ஆட்சேபம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு ஜூனியரை உட்கார வையுங்கள். மற்ற வேட்பாளர்கள் காசு கொடுத்தாலும் கிடைக்காத படை அது.

இனி, மறக்க வேண்டியவை. குறுக்கு விசாரணை நடத்தியே பழகிய வாய், கேள்வி கேட்டவரை மடக்கத்தான் பார்க்கும். 'போன வருடம் ரோடு போடுவதாகச் சொன்னீர்களே' என்று ஒரு பாட்டி கேட்டால், 'நான் சொன்னேனா, எந்தத் தேதியில் சொன்னேன்?' என்று ஒரு வக்கீல் வேட்பாளர் திருப்பிக் கேட்டதை நேரில் பார்த்தேன். வாதத்தில் ஜெயித்தார். அந்தத் தெருவில் அதற்குப் பிறகு யாரும் கதவு திறக்கவில்லை. நீதிபதி ஒருவரைச் சம்மதிக்க வைப்பதற்கான பேச்சு வேறு. இரண்டு லட்சம் பேர் காதில் விழுவதற்கான பேச்சு வேறு. முன்னதில் ஏழு காரணம் சொல்லலாம். பின்னதில் ஒன்றுதான் நிற்கும்.

இன்னொன்று, தொழில் ரகசியம். 'இந்த ஊரில் இன்னாரை நான்தான் காப்பாற்றினேன்' என்று மேடையில் சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். கட்சிக்காரர் (நம் அர்த்தத்தில்) உங்களிடம் சொன்னது வழக்கு முடிந்த பிறகும் உங்களிடமே இருக்க வேண்டும். பார் கவுன்சிலின் 36-வது விதிப்படி வழக்கறிஞர் தன் தொழிலை விளம்பரம் செய்யவும் கூடாது. சுவரொட்டியில் பெயருக்கு முன் 'வழக்கறிஞர்' என்று போடுவதை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. ஜெயித்த வழக்குகளின் பட்டியலைப் போட்டால் கேள்வி வரும். கொலை வழக்கில் நீங்கள் விடுதலை வாங்கித் தந்தவரின் பெயரை எதிர்த்தரப்பு மேடையில் சொல்லும். அதற்குத் தயாராக இருங்கள். 'என் தொழில் தர்மம்' என்று இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போங்கள். நீளமாக விளக்கினால் தோற்றீர்கள்.

பேரவைக்குள் வந்துவிட்டால் வக்கீலுக்குச் சில இடங்களில் மேல்கை உண்டு. சட்டமுன்வடிவை வரிவரியாகப் படிப்பவர்கள் அங்கே மிகக் குறைவு. பல முன்வடிவுகள் கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் மளமளவென்று நிறைவேறும். சட்டத்தின் கீழ் அரசு போடும் விதிகளை ஆராயும் குழு, உறுதிமொழிக் குழு, பொதுக் கணக்குக் குழு ஆகியவற்றில் ஆவணம் படிக்கத் தெரிந்தவருக்கு நிறைய வேலை இருக்கிறது. அதிகாரியைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கும் குழு அறைதான் விசாரணை நீதிமன்றத்துக்கு மிக நெருக்கமானது. குறுக்கு விசாரணைத் திறமையை அங்கே காட்டுங்கள்.

தடைகளும் இருக்கின்றன, வக்கீலுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே. நீதிமன்ற விசாரணையில் இருக்கும் விஷயத்தைப் பேச அவைத் தலைவர் விடமாட்டார். 211-வது பிரிவின்படி, உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதி தன் கடமையைச் செய்தது பற்றிச் சட்டமன்றத்தில் விவாதிக்கவே கூடாது. நீதிபதிகளைப் பற்றி மனதில் எவ்வளவு பாரம் இருந்தாலும் அதை இறக்கிவைக்க அது இடமில்லை. வாக்களிப்பிலும் மனசாட்சிக்கு அதிக இடம் கிடையாது. 1985-இல் வந்த பத்தாவது அட்டவணைப்படி (கட்சித் தாவல் தடைச் சட்டம்) கொறடா உத்தரவை மீறினால் பதவி போகலாம். உங்களுக்கு இது புதிதாக இருக்காது. நம்பாத வழக்கையும் வாதாடித்தானே வந்திருக்கிறோம்.

சட்டம் தெரிந்தவர் கையில் அதிகாரம் வந்தால் எல்லாம் சரியாக நடக்கும் என்று நினைப்பவர்கள் 1987-ஐத் திரும்பிப் பார்க்கலாம். அப்போதைய பேரவைத் தலைவர் பி.எச். பாண்டியன் வழக்கறிஞர்தான், பேரவைத் தலைவருக்கு 'வானளாவிய அதிகாரம்' உண்டு என்ற அவர் பேச்சு இன்றும் நினைவுகூரப்படுகிறது. ஒரு கேலிச்சித்திரத்துக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறை விதிக்கப்பட்டது அந்தப் பேரவையில்தான். எதிர்ப்பு கிளம்பியதால் சில நாட்களிலேயே விடுவித்தார்கள். பின்னர் பாலசுப்ரமணியன் நீதிமன்றம் போய் ஜெயித்தார்.

கடைசியாக, தொழிலை விட வேண்டுமா? சட்டப்படி வேண்டியதில்லை. முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வக்கீலாகத் தொழில் செய்யக் கூடாது என்கிறது பார் கவுன்சிலின் 49-வது விதி. எம்.எல்.ஏ.க்களுக்கும் எம்.பி.க்களுக்கும் அது பொருந்தும் என்று ஒரு பொதுநல வழக்கு வந்தது. 2018 செப்டம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றம், அவர்கள் அரசின் முழுநேரச் சம்பள ஊழியர்கள் அல்ல, எனவே அந்த விதி பொருந்தாது என்று தள்ளிவிட்டது. அமைச்சர் ஆனால் கதை வேறு. அங்கி கழற்றிவிட வேண்டியதுதான்.

நடைமுறையில், விசாரணை நீதிமன்றத் தொழிலை எம்.எல்.ஏ. ஒருவர் நடத்த முடியாது. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு வாதாடுபவருக்கு ஒரு நாள் போதும். சாட்சி விசாரணை அப்படியா? பேரவையில் மானியக் கோரிக்கை (துறைச் செலவு) விவாதம் நடக்கும் நாளில் முதல் சாட்சி பெட்டியேறுவார். நீங்கள் வாய்தா கேட்பீர்கள். சாட்சி மூன்று முறை வந்து திரும்பிப் போவார். சிறையில் இருப்பவருக்கு உங்கள் வாய்தா ஒவ்வொன்றும் இன்னொரு பதினைந்து நாள். தொகுதியில் உள்ள ஸ்டேஷன் வழக்குகளில் ஆஜரானால், வந்து நிற்பது வக்கீலா எம்.எல்.ஏ.வா என்ற சங்கடம் ஆய்வாளருக்கு. சட்டம் தடுக்காவிட்டாலும் அதைத் தவிருங்கள்.

அதனால் விருப்ப மனு கொடுக்கும் முன்பே டைரியை எடுத்துவைத்து வழக்குகளைப் பிரியுங்கள். சாட்சி விசாரணை தொடங்கிவிட்டவை, கட்சிக்காரர் சிறையில் இருப்பவை முதலில். அவற்றுக்கு யார் வக்காலத்து போடுவது என்று ஜூனியரோடும் கட்சிக்காரரோடும் உட்கார்ந்து பேசி, வாங்கிய ஃபீஸில் செய்யாத வேலைக்கானதைத் திருப்பிக் கொடுத்து, வழக்குக் கட்டை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். என் நண்பருக்கு இதற்கு மட்டும் ஏழு மாதம் பிடித்தது.